பழைய புல்லட்டின் பின்புறம் சரியில்லையா? ஷாக் அப்சார்பர் மாற்றும் முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

பழைய புல்லட்டின் பின்புறம் சரியில்லை என்று தோன்றியதும் கடைக்குப் போய், இருப்பதிலேயே தடித்த ஸ்பிரிங்கும் பக்கத்தில் ஒரு வாயுக் குப்பியும் உள்ள ஷாக் அப்சார்பரை வாங்கி மாட்டிவிடுவது பலருக்கு வழக்கம். முன்பு தள்ளாடிய வண்டி அதன் பிறகு உதைக்கத் தொடங்குகிறது. செலவுதான் மிச்சம்.

ஷாக் அப்சார்பருக்குள் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. நடுக்குழாயில் உள்ள எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் பாய்ந்து அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. இதைத் தணிப்பு என்று வைத்துக்கொள்வோம். தணிப்பு செத்துப்போன வண்டிக்குத் தடித்த ஸ்பிரிங் வாங்குவதும், ஸ்பிரிங் தளர்ந்த வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதும் ஒரே வகைத் தவறு. எந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்பதை அறிகுறி சொல்லும்.

இங்கே சொல்பவை வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகளுக்கும், 2009-ல் வந்த முதல் தலைமுறை கிளாசிக் போன்றவற்றுக்கும் பொருந்தும். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் 1949-ல், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையான ஸ்விங் ஆர்முடன் வந்த வடிவம்தான் 1955-ல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி உருவானது. வார்ப்பிரும்பு வண்டி 160 கிலோவுக்கு மேல்; கிளாசிக் 190 கிலோவை நெருங்கும். இவ்வளவு எடைக்குப் பின்சக்கரம் மேலும் கீழும் அசைய இருக்கும் இடம் சுமார் 80 மி.மீ. மட்டுமே, முன்பக்கத்தில் இது 130 மி.மீ. அளவு இருக்கும். புல்லட்டின் பின்புறத் தொல்லைகளில் பாதி, இந்தக் குறுகிய இடத்தைச் சரியாகப் பங்கிடாததால் வருபவை.

## எதையும் கழற்றும் முன்

டயர் காற்றைப் பாருங்கள். தனியாக ஓட்டினால் பின்சக்கரத்துக்கு 28 பி.எஸ்.ஐ., இருவர் போனால் 30 முதல் 32. காற்று குறைந்த டயர் வளைவில் தள்ளாடும். கூடிய டயர் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்புக்கு அனுப்பும். இரண்டுக்கும் பழி ஷாக் அப்சார்பர் மீது விழும்.

அடுத்து, அமிழும் அளவை, அதாவது எடை ஏறும்போது தொங்கும் நிலையிலிருந்து வண்டி எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை எடுங்கள். ஒரு டேப்பும் இரண்டு உதவியாளர்களும் போதும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது, அச்சின் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டில் ஒரு குறி வரை அளந்து எழுதுங்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, வண்டியின் சொந்த எடையில் மீண்டும் அளங்கள். பிறகு ஓட்டுபவர் வழக்கமான உடையில், வழக்கமான இடத்தில் உட்கார, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் அளக்க வேண்டும். மூட்டுகளில் உள்ள புஷ் எனும் குழல்களின் உராய்வு அளவை ஏமாற்றும். அதனால் ஒருமுறை அழுத்தி விட்டும், ஒருமுறை தூக்கி விட்டும் அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுபவருடன் வண்டி 25 முதல் 30 மி.மீ. வரை அமிழ்ந்தால் நல்லது. அதாவது மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு. சொந்த எடையில் 5 முதல் 10 மி.மீ. போதும்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை வெளிவரும். ஓட்டுபவருடன் 28 மி.மீ. வருகிறது, ஆனால் வண்டி தனியாக நிற்கும்போது அமிழவே இல்லை என்றால் ஸ்பிரிங் மென்மையானது. ஸ்பிரிங்கின் அடியில் படிகளுடன் உள்ள காலர் வளையத்தைத் திருகி அதை அளவுக்கு மேல் அழுத்தி வைத்திருக்கிறீர்கள். நேர்மாறாக, ஓட்டுபவருடன் 28, தனியாகவே 18 என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குக் கடினமானது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, தானாகவே அமிழும் வண்டிக்கு இன்னும் கடினமான ஸ்பிரிங் தேடிப் போகிறார்கள்.

## பின்னால் ஒருவர் அமர்ந்தால் வேகத்தடையில் டங்கென்று இடிக்கிறது

இது அசைவு முழுதும் தீர்ந்து, கடைசி ரப்பரில் போய் முட்டும் சத்தம். உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்லாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்பிரிங்குகளும் தலா ஒரு மி.மீ.க்கு 18 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், சேர்ந்து 36. பின்னால் அமர்பவரின் எடையில் 50 கிலோ பின்சக்கரத்தில் இறங்கினால் அது ஏறத்தாழ 490 நியூட்டன். வண்டி கூடுதலாகச் சுமார் 14 மி.மீ. அமிழும். ஏற்கெனவே 28 மி.மீ. போய்விட்டது, 80-ல் மிஞ்சுவது 38. அந்த 38 மி.மீ.யை வைத்துக்கொண்டுதான் நம் ஊர் வேகத்தடைகளைச் சந்திக்க வேண்டும்.

முதல் பரிகாரம் இலவசம். கீழ்க்காலரைக் கொக்கி ஸ்பேனரால் மேல்படிக்குத் திருப்புங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில். இதனால் ஸ்பிரிங் கடினமாவதில்லை. ஒரு படி 5 மி.மீ. என்றால் வண்டி ஏறக்குறைய 5 மி.மீ. உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஆனால் இழந்த இடத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. இருவர் பயணத்துக்கு ஏற்றி, தனியாகப் போகும்போது இறக்கிக்கொள்ளுங்கள். காலர் துருப்பிடித்து இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிட்டால் பெரும்பாலும் அசையும்.

மேல்படியிலும் இடிக்கிறது என்றால் ஷாக் அப்சார்பரின் நடுத்தண்டில் உள்ள ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அது நொறுங்கி உதிர்ந்துபோய், இரும்பு இரும்பில் மோதும். ரப்பரும் நன்றாக இருந்து, நீங்கள் பெரும்பாலும் இருவராகவே போகிறீர்கள் என்றால், கடினமான ஸ்பிரிங் வாங்கக் காரணம் கிடைத்துவிட்டது.

எவ்வளவு கடினம் என்பதில் கவனம் தேவை. ஸ்பிரிங்கின் கடினம் கம்பித் தடிமனின் நான்காம் படிக்கேற்ப உயர்கிறது. சுற்றுகளும் விட்டமும் மாறாமல் 7 மி.மீ. கம்பி 7.5 ஆனால் சுமார் 32 சதவீதம் கூடும். 8 ஆனால் 70 சதவீதம். கண்ணுக்கு ஒரு மி.மீ. வித்தியாசம், இருக்கைக்கு வேறொரு வண்டி. லாத் பட்டறையில் ஸ்பிரிங்கை இரண்டு சுற்று வெட்டி, அடியில் வளையம் வைத்துத் தருவார்கள். சுற்று குறைந்தாலும் கடினம் கூடும் என்பது சரிதான். ஆனால் வெட்டிய முனை சமமாக அமராமல் தண்டைப் பக்கவாட்டில் தள்ளி, ஆயில் சீலைத் தின்றுவிடும். வேண்டாம்.

## குழியைத் தாண்டிய பிறகும் ஊஞ்சலாடுகிறது

இது தணிப்பு செத்துவிட்டதன் அறிகுறி. நின்ற வண்டியின் இருக்கையைப் பலமாக அழுத்தி விடுங்கள். மேலே வந்து, லேசாக இறங்கி நின்றுவிட வேண்டும். இரண்டு மூன்று முறை குதித்தால் உள்ளே எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது வால்வு தேய்ந்திருக்கிறது.

எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. மோசமான சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, நிறுத்தியவுடன் இரண்டின் உடல்குழாயையும் தொட்டுப் பாருங்கள். அசைவைச் சூடாக மாற்றுவதுதான் தணிப்பின் வேலை. எனவே உழைக்கும் ஷாக் அப்சார்பர் வெதுவெதுப்பாக இருக்கும்; ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்ததுதான் சோம்பேறி. வலப்பக்கத்தில் சைலன்சரின் சூடும் கொஞ்சம் சேரும் என்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

காலையில் நன்றாக இருந்து, வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டும்போது ஆட்டம் தொடங்கினால் கதை வேறு. சூட்டில் எண்ணெய் இளகி, உள்ளே இருக்கும் காற்றுடன் கலந்து நுரைத்துவிடுகிறது. நுரை துளை வழியே தடையின்றிப் பாயும். குளிர்ந்ததும் மீண்டும் சரியாகிவிடுவதால் மெக்கானிக்கிடம் காட்டும்போது குறை தெரியாது. வாயு அழுத்தம் கொண்ட ஷாக் அப்சார்பர் தன் விலைக்கு நியாயம் செய்வது இந்த இடத்தில்தான்: நைட்ரஜன் அழுத்தம் எண்ணெயை நுரைக்க விடாமல் பிடித்துவைக்கிறது. நகருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அது அவ்வளவு அவசியமில்லை.

பக்கவாட்டுக் குப்பியைக் கண்டு மயங்க வேண்டாம். மலிவானவை சிலவற்றில் அந்தக் குப்பி வெறும் அலங்காரம். உள்ளே எண்ணெயும் இல்லை, வாயுவும் இல்லை, குழாயுடன் தொடர்பும் இல்லை. உண்மையான வாயு ஷாக் அப்சார்பரை ஒருபோதும் வெட்டவோ துளைக்கவோ கூடாது. உள்ளே உள்ள அழுத்தம் ஆளைக் காயப்படுத்தும்.

## புதிதாக மாட்டியும் முதல் சில மி.மீ. பிடிமானமே இல்லை

கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் பொறுங்கள். சாதாரண இரட்டைக்குழாய் ஷாக் அப்சார்பர் அலமாரியில் படுத்தே கிடந்ததால், உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். கழற்றி, வண்டியில் நிற்கும் அதே நிலையில் நிமிர்த்திப் பிடித்து, உடல் எடையால் பலமுறை மெதுவாக அழுத்தி அழுத்தி விடுங்கள். காற்று மேலே ஏறிவிடும். மாட்டும் முன்பே இதைச் செய்வது நல்ல பழக்கம்.

இதே காரணத்தால் இந்த வகையைத் தலைகீழாக மாட்டக் கூடாது. அழகுக்காகக் கவிழ்த்து மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அடியில் இருக்க வேண்டிய வால்வு மேலே போய்க் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். எண்ணெயையும் வாயுவையும் பிஸ்டனால் பிரித்து வைத்த ஒற்றைக்குழாய் வகைக்கு மட்டுமே இரண்டு நிலையும் ஒன்று.

## சிறிய கல் கூட முதுகில் உதைக்கிறது

ஓட்டுபவருடன் அமிழும் அளவு 15 மி.மீ.க்குக் கீழே என்றால் ஸ்பிரிங் கடினம், அல்லது காலர் தேவையின்றி மேல்படியில் இருக்கிறது. அளவு சரியாக இருந்தும் உதைத்தால் வேறு இடம் தேட வேண்டும்.

சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் கழற்றிவிட்டு, பிறகு கட்டையை எடுத்து ஸ்விங் ஆர்மைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். விட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். பாதியில் நின்றுகொண்டால் அச்சுப் புஷ் இறுகியிருக்கிறது. கிரீஸ் கண்ட நாளே நினைவில்லாத பழைய வண்டிகளில் இது சர்வ சாதாரணம். உலகின் எந்த விலையுயர்ந்த ஷாக் அப்சார்பரும் இறுகிய ஸ்விங் ஆர்மை மென்மையாக்காது. ஷாக் அப்சார்பரின் இரு முனை வளையங்களான கண்களின் ரப்பர் புஷ்ஷும் அப்படித்தான்: உள்ளே உள்ள இரும்புக்குழல் சட்டத்தின் தண்டைவிடப் பெரிதாக இருந்தால் மெல்லிய புஷ் கடைந்து போடுங்கள், சிறிதாக இருந்தால் அடித்து ஏற்றாதீர்கள்.

ஒரு குழியில் உதை சரி, ஆனால் தொடர்ந்து பத்துச் சிறு குழிகள் வரும் சாலையில் போகப் போக இறுகுகிறது என்றால், தணிப்பு அளவுக்கு மீறியது. அழுந்திய ஸ்பிரிங் விரிந்து முடிப்பதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. ஒவ்வொரு குழிக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் ரப்பரின் மீதே ஓடுகிறது. ஸ்பிரிங் விரியும் வேகத்தை அடக்கும் விரிவுத் தணிப்பைத் திருகும் வசதி இருந்தால் இரண்டு சொடுக்குகள் தளர்த்திப் பாருங்கள். தண்டில் ஒரு மெல்லிய நைலான் பட்டையை இறுக்கி வைத்தால், ஓடி முடித்த பிறகு அது நிற்கும் இடம் எவ்வளவு அசைவு பயன்பட்டது என்பதைக் காட்டிவிடும்.

## வளைவில் நெளிகிறது, 80 கி.மீ. வேகத்தில் வால் ஆடுகிறது

இதற்கு ஷாக் அப்சார்பரைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். சென்டர் ஸ்டாண்டில் ஒருவர் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, ஸ்விங் ஆர்மின் பின்முனையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசான தட்டு கையில் பட்டாலே புஷ் தேய்ந்துவிட்டது. பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கின் நிலை தெரியும். ஸ்டியரிங் பேரிங்கையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு சக்கரங்களும் நேர்கோட்டில் உள்ளனவா என்பதற்கு டயரின் ஓரத்தில் நூல் பிடித்துப் பார்ப்பதே இன்றும் சிறந்த வழி.

இவையெல்லாம் சரியாக இருந்தால், இடம் வலம் இரண்டும் ஒரே ஜோடிதானா என்று பாருங்கள். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ஒற்றையாக வாங்கி மாட்டியது, ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் மாற்றியது, ஒரு காலர் இரண்டாம் படியிலும் மற்றது நான்காம் படியிலும் இருப்பது எல்லாம் ஸ்விங் ஆர்மை முறுக்கும். எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

## எண்ணெய் கசிகிறது

தண்டில் மெல்லிய ஈரப்படலம் இருப்பது இயல்பு. சொட்டினாலோ, புழுதி ஒட்டிக் களிம்பாகப் படிந்தாலோ சீல் போய்விட்டது. தண்டின் மீது நகத்தை ஓட்டுங்கள். துருக்குழி தட்டுப்பட்டால் புதிய சீலும் சீக்கிரமே கிழியும், அதில் பணம் போடாதீர்கள். தண்டு வழவழப்பாக இருந்து, திறக்கக்கூடிய பழைய வகையாக இருந்தால் எண்ணெயும் சீலும் மாற்றுவது நியாயமான செலவு. ஸ்பிரிங்கைக் கழற்றும் கருவி இல்லாமல் இதை வீட்டில் முயலக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் நழுவினால் பல்லோ கண்ணோ போகும்.

## மாற்றிய பிறகு வந்த புதுத் தொல்லைகள்

நீளமான ஷாக் அப்சார்பர் போட்ட பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினாலும் பின்சக்கரம் தரையைத் தொடுகிறது என்பது புல்லட்காரர்களின் பழக்கப்பட்ட புலம்பல். காரணம் எளிது: சக்கரம் கூடுதலாகக் கீழே தொங்குகிறது. சென்டர் ஸ்டாண்டின் காலில் தகடு வெல்டிங் செய்து ஒப்பேற்றலாம். ஆனால் பஞ்சர் ஆன இரவில் அந்த வண்டியைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால் நீளம் ஏன் வேண்டாம் என்று புரியும். சைடு ஸ்டாண்டிலும் வண்டி அதிகமாகச் சாயும், ஹெட்லைட் சாலையில் கிட்டத்தில் விழும். இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாது. புல்லட்டின் இரு அச்சுகளுக்கு இடையே சுமார் 1370 மி.மீ.; பின்புறம் 25 மி.மீ. உயர்ந்தால் முன் ஃபோர்க் ஒரு டிகிரி அளவுக்கு நிமிர்கிறது. நேர்ச்சாலையில் தானாக ஓடும் புல்லட்டின் நிதானம் அதில் கொஞ்சம் குறையும். 10 மி.மீ. வரை பெரிதாகத் தெரியாது. அதற்கு மேல் எனக்கு உடன்பாடில்லை.

செயின் இறுக்கத்தை மீண்டும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். எஞ்சின் பல்சக்கரம், ஸ்விங் ஆர்மின் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். கனமான ஒருவரை உட்காரவைத்து அந்த நிலைக்குக் கொண்டுவந்து, அப்போதும் தளர்ச்சி மிஞ்சுகிறதா என்று பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் தொங்கும் நிலையில் மட்டும் சரிசெய்தால் ஓட்டத்தில் செயின் வெட்டிழுக்கும்.

இடப்பக்கம் செயின் கவசம், வலப்பக்கம் சைலன்சர், இரண்டுக்கும் நடுவே சாரி கார்டும் பெட்டிக் கம்பியும்: தடித்த ஸ்பிரிங் இவற்றில் எங்காவது உரசும். மாட்டியதும் இருவரை உட்காரவைத்து, அழுந்திய நிலையில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் இடையிலும் அதே சோதனை வேண்டும். குறுகிய ஷாக் அப்சார்பர் போட்டு வண்டியைத் தாழ்த்தியவர்களுக்கு இது கட்டாயம். மட்கார்டின் உட்புறம் போகும் பின்விளக்கு ஒயர்தான் முதலில் அறுபடும்.

## வாங்கும்போதும் மாட்டும்போதும்

பழையதின் மேல்கண் நடுவிலிருந்து கீழ்க்கண் நடு வரை உள்ள நீளம், கண்துளைகளின் விட்டம், புஷ்ஷின் அகலம் ஆகிய மூன்றையும் அளந்து தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் எதை மாட்டினார் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் "புல்லட்டுக்கு" என்று மட்டும் சொல்லி வாங்குவது போதாது. இங்கிலாந்தின் ஹேகன், தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ், பழைய கோனி வடிவமைப்பைத் தொடரும் ஆஸ்திரேலியாவின் ஐகான் போன்ற பெயர்கள் அடிக்கடி காதில் விழும். எந்தப் பெயரானாலும், உங்கள் எடையையும் பின்னால் ஆள் வருவாரா என்பதையும் கேட்டு அதற்கேற்ற ஸ்பிரிங் தரும் விற்பனையாளரிடம் வாங்குங்கள். அதைக் கேட்காதவர் நிறத்தை மட்டும்தான் விற்கிறார்.

சென்டர் ஸ்டாண்டில் தொங்கும் சக்கரத்தைத் தாங்கிப் பிடித்திருப்பவை அந்த இரண்டு ஷாக் அப்சார்பர்களே. இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஸ்விங் ஆர்ம் தொப்பென்று விழும். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து, ஒரு பக்கத்தை மாற்றி முடித்தபின் மறுபக்கத்துக்குப் போங்கள். துளை சேராவிட்டால் கட்டையை உயர்த்தியோ தாழ்த்தியோ சேர்க்க வேண்டும். போல்ட்டை அடித்து இறக்கக் கூடாது. வாஷர்கள் இருந்த வரிசையைக் கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் வரும் 'டொக் டொக்' சத்தத்துக்குப் பெரும்பாலும் விடுபட்ட ஒரு வாஷர்தான் காரணம். நட்டுகளைப் புதிதாகப் போட்டு, முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி இறுக்கிவிட்டு, அமிழும் அளவை இன்னொரு முறை எடுங்கள். புதிய ஸ்பிரிங் சற்றுப் படிந்திருக்கும், காலரை ஒரு படி ஏற்ற வேண்டி வரலாம்.